ஸ்திரீபார்ட்: செவக்காட்டூர் மண்

செவக்காட்டூர் மண் வாய் திறந்து பாட ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. சென்னைப் பத்திரிகையில் போட்டது பொய்யாகுமா என்று ஊர் நம்பியது, மண்ணும் நம்பிவிட்டது, அவ்வளவுதான். அதே திங்கட்கிழமை அதே நேரத்தில் கம்மாய்க்கரைத் தெருவில் வீராயி தன் ஆட்டைக் கூப்பிட வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. இதைப் பத்திரிகையில் போடவில்லை. அதனால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வீராயி யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கும் சொல்லத்தான் வேண்டியிருந்தது, இந்தக் கதையே அந்த வயிற்றெரிச்சல்தான். செவக்காட்டூரில் பங்குனி மாதம் ஐந்து நாள் இசை நாடக விழா நடக்கும், கடைசி நாள் நாடகம் எப்போதும் 'கரைகாத்த நாச்சியார்'. கம்மாய்க்கரையைக் காவல் காக்கிற பெண்ணிடம் ராஜா மாறுவேஷத்தில் வந்து வம்பிழுப்பான், அவள் பாட்டாலேயே அவனை மடக்கி, மடக்கி, கடைசியில் கூடையைக் கொடுத்துக் கரைக்கு மண் சுமக்க வைப்பாள். ராஜா வேஷத்துக்கு ராஜபார்ட் என்று பேர், நாச்சியார் வேஷத்துக்கு ஸ்திரீபார்ட். ராஜபார்ட்டுகள் வந்தார்கள், தொண்டை போய்ப் போனார்கள். ஸ்திரீபார்ட் மட்டும் பதினெட்டு வருஷமாக வீராயிதான். அவள் குரலை இனிமை என்று எவனாவது சொன்னால் அவளுக்கே கோபம் வரும். அடியில் ஒரு கரகரப்பு கிடக்கும், மேலே ஏறும்போது அந்தக் கரகரப்பையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே ஏறும், உச்சியில் நின்று அவள் "அடேய் ராஜா" என்று கூப்பிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகள் தங்களைத்தான் கூப்பிடுகிறாளோ என்று வேட்டியைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு, வருகைப் பாட்டு என்று பேர். வேஷம் கட்டினவர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுகிறவர் முன்னாலிருந்து "வாரது யாரு, சபைக்கு வாரது யாரு?" என்று ராகமெடுத்துக் கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரவேண்டும்: சொந்த ஊர், அப்பன் பேர், ஆத்தா பேர், தன் பேர், கடைசியில்தான் வேஷத்தின் பேர். விடிய விடிய ராணியாகவும் தெய்வமாகவும் நிற்கிறவளுக்கு அந்த நாலு அடிதான் சொந்தம். கேட்டால் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருக்க உடம்பே விடாது. ஒருமுறை வெளியூரில் நாடகம் முடித்து வேனில் திரும்பும்போது வீராயி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்; ஆர்மோனியக்காரர் அருளப்பன் சும்மா விளையாட்டுக்கு அவள் காதருகே "வாரது யாரு?" என்று இழுத்தார். கண்ணைத் திறக்காமலே நாலு அடியையும் சுருதி பிசகாமல் பாடிவிட்டு மறுபடி குறட்டை விட்டாள். வேனே குலுங்கிச் சிரித்தது.

போன வருஷம் அந்த வழக்கத்தில்தான் வடமலையான் கைவைத்தார். ரைஸ்மில் வடமலையான் விழாக் கமிட்டித் தலைவர். பேசத் தெரியும், பேச்சை நிறுத்தத் தெரியாது. சென்னையிலிருந்து சுகவனம் என்ற பெரிய விமர்சகர் வருகிறார் என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கலெக்டர் பேசி, எம்.எல்.ஏ. பேசி, வடமலையான் எல்லாரையும்விட நீளமாகப் பேசி முடித்தபோது நேரம் போய்விட்டது. திரைக்குப் பின்னால் வந்து, "வருகைப் பாட்டெல்லாம் வேணாம்மா. சென்னைக்காரருக்குச் சலிச்சுப் போகும். நேரா கரையில வந்து நில்லு," என்றார்.

"பேரு சொல்லாம எப்படி மொதலாளி சபைக்கு வாரது?" என்றாள் வீராயி.

"ஒம் பேரு தெரியாதவன் எவன் இருக்கான் இந்த ஊர்ல? போ போ."

அவள் அருளப்பனைப் பார்த்தாள். அருளப்பன் ஆர்மோனியக் கட்டைகளைப் பார்த்தார்.

சரி, நின்றாள், பாடினாள். வேறெந்த வருஷமும் அப்படிப் பாடியதில்லை என்று அவளுக்கே தெரியும். விழுங்கின கோபம் முழுக்கக் குரலில் ஏறியிருந்தது. நடுநடுவே அன்பளிப்பு கொடுத்தவர்களுக்கெல்லாம் வழக்கம்போலப் பாட்டை நிறுத்தி, அதே ராகத்தில் பேர் சொல்லி நன்றி பாடினாள்: மளிகைக்கடை தங்கையா அண்ணனுக்கு நன்றி, மைக்செட் மாயழகு தம்பிக்கு நன்றி. ஊரில் உள்ளவன் பேரையெல்லாம் அவள் வாய் சொன்னது. முன்வரிசையில் சுகவனம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் தண்ணீர் ஓடியது, அதை அவர் துடைக்கவில்லை, நாலு பேர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழுப் பக்கம், கலர் படத்தோடு. "செவக்காட்டூரில் நான் கேட்டது ஒரு தனி மனுஷியின் குரல் அல்ல. அது மண்ணின் குரல். நூற்றாண்டுகளின் தாகம் கொண்ட அந்தச் செம்மண்ணே வாய் திறந்து பாடியது. பாடிய கிராமத்துப் பெண் வெறும் கருவி." டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, ஊரே கூடி நின்று கேட்டது. வீராயி பேப்பரை வாங்கி மூன்று தடவை படித்தாள், விரல் வைத்து வரி வரியாகத் தேடினாள். கலெக்டர் பேர் இருந்தது. வடமலையான் பேர் இரண்டு இடத்தில் இருந்தது. திரை தைத்த டெய்லர் பேர் இருந்தது. சுகவனத்துக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்த டீக்கடை பேச்சிமுத்து பேர்கூட இருந்தது, அவன் அந்த வரியைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டான். அவள் பேர் இல்லை.

ரைஸ்மில் ஆபீசுக்குப் போனாள். அதற்குள் அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டி, மாலையும் போட்டாகிவிட்டது.

"அட, என்னம்மா நீ," என்றார் வடமலையான். "ஊரையே, மண்ணையே தூக்கி வச்சு எழுதியிருக்காரு. மண்ணுன்னா யாரு? நீதான். நானும் மண்ணுதான். நாம எல்லாருமே மண்ணுதான்."

"ஒங்க பேரு போட்டிருக்கே."

"கமிட்டித் தலைவருன்னா போடாம இருக்க முடியுமா?"

"அப்ப எம் பேரு எங்க மொதலாளி?" என்று கேட்டாள் வீராயி. தன் குரலில் அவள் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் வடக்குத் தெருவில் ஒருவன் வாசல் கேட்டுக்குக் கால் நட மண்வெட்டியைப் போட்டான், மண் "கரைக்கு வந்தவனே, காலைப் பார்த்து வையடா" என்று பாடியது. அவன் மரியாதையாக மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்று, பாட்டு முடியும்வரை கேட்டு, பிறகு இரண்டாவது வெட்டு வெட்டினான். அடுத்த பாட்டு வந்தது. அந்தக் குழியைத் தோண்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெறுங்காலோ வெறும் உடம்போ பட்டால் பாடும், இரும்பு பட்டால் பாடும், செருப்புக் காலுக்குப் பாடாது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தலைவலிக்காரர்கள் அடுப்படியிலும் செருப்புப் போட்டு நடந்தார்கள், பக்திமான்கள் வயலுக்கும் வெறுங்காலோடு போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, பாட்டை ஒன்றுவிட்டு ஒரு சொல்லாகப் பாட வைத்துச் சிரித்தன. டிரில் வாத்தியார் "நிமிர்ந்து நில்" என்று சொல்லிவிட்டு அவரே பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். புது வீட்டு மண்சுவரில் சாய்ந்தால் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது, கல்யாணமான புதுசில் இருந்தவர்கள் கூச்சப்பட்டு அவசர அவசரமாகச் சிமெண்டு பூசினார்கள். வேளாண்மை ஆபீசிலிருந்து வந்து ஒரு டப்பாவில் மண் எடுத்துப்போய்ச் சோதித்து, மண் பாடுவது உண்மையே, ஆனால் தழைச்சத்துக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக்கடை தங்கையா செத்தபோது குழி வெட்ட வெட்ட மண் ராஜாவை மடக்குகிற தர்க்கப் பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மகன் மூன்று பிடி மண்ணை அள்ளினான், உள்ளங்கைக்குள்ளிருந்து அது "தங்கையா அண்ணனுக்கு நன்றி" என்றது. இப்படி ஒரு சாவு எவனுக்கு வாய்க்கும் என்று சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே பெருமைப்பட்டார்கள்.

இதெல்லாம் யார் குரல் என்று ஊருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வீராயி ஒரு செருமு செருமுவாளே, மண்ணும் அதே இடத்தில் செருமியது. "அண்ணே, அரைக்கட்டை ஏத்து" என்று சுருதியைக் கூட்டச் சொல்லி அருளப்பனிடம் கிசுகிசுப்பாளே, அதையும் மண் கிசுகிசுத்தது. அன்றைக்கு அவள் பாடியது அத்தனையும் இருந்தது. அன்றைக்குப் பாடவிடாத அந்த நாலு அடி மட்டும்தான் இல்லை. இருந்தும் இந்த வெட்கங்கெட்ட ஊர் அவள் வீட்டுக்கே வந்து, "குடுத்து வச்சவ நீ, மண்ணு அப்படியே ஒன்னைய மாதிரியே பாடுது," என்று சொல்லிவிட்டுப் போனது. அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினால், "ஆமா ஆமா, உடம்புச் சூடு, கசாயம் வச்சுக் குடி," என்றார்கள். ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். வடமலையான்தான் இருப்பதிலேயே கொடுமையாகச் சொன்னார், அதையும் ஆறுதல் மாதிரியே சொன்னார்: "மண்ணு குடுத்த கொரலும்மா. மண்ணே எடுத்துக்கிருச்சு. விட்ரு."

விடுவதா? தன் வீட்டு வாசலில் வெறுங்காலை வைத்தால் தன் குரலே காலடியிலிருந்து தன்னைப் பார்த்துப் பாடுகிறது; ஆத்திரம் தாங்காமல் ஓங்கி ஓங்கி மிதித்தாள், மிதிக்க மிதிக்க அது இன்னும் குழைந்து குழைந்து பாடியது. அவள் ஆடு சீமாட்டி, அது ஒன்றுக்குத்தான் நியாயம் தெரிந்தது, குரல் வருகிற இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்து, அங்கே எஜமானி இல்லை என்று கண்டு, தரையைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தது. வெளியூர் நாடகக்காரர்கள் முன்பெல்லாம் வீராயியைத் தேடி வருவார்கள், இப்போது சாக்கோடு வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க ஒரு மேடையும் இல்லாமல் போகவே அவள் நூறு நாள் வேலைக்குப் போனாள், கம்மாய் தூர்வாருகிற வேலை. செத்துப்போன புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டாள், தலையில் சும்மாடு வைத்து, மண் நிறைந்த தட்டைத் தூக்கி வைத்தார்கள். மண்வெட்டி பட்ட மண் அல்லவா, தட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தது. பதினெட்டு வருஷம் எந்தப் பாட்டைப் பாடி ராஜாவை மண் சுமக்க வைத்தாளோ, அந்தப் பாட்டைத் தலையில் சுமந்துகொண்டு கரையேறினாள். கூட வேலை பார்த்த பெண்கள், "அக்கா தட்டுல வர்றது நல்ல பாட்டுக்கா," என்றார்கள். அவள் அழவில்லை, பல்லைக் கடித்தாள்.

சுகவனத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். பழைய நாடக நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: "ஐயா, அன்றைக்குப் பாடியது நான். என் பேர் வீராயி. நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குக் குரல் இல்லை. என் பேரைப் போடவும்." பதினைந்தாம் நாள் பதில் வந்தது. நல்ல வழவழப்பான தாள். "அன்புள்ள அம்மா, தன்னைக் கரைத்துக்கொள்வதே உயர்ந்த கலை. பெயர் சிறியது, மண் பெரியது. தாங்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டீர்கள் என்பதை விடவும் ஒரு கலைஞருக்கு வேறென்ன பேறு வேண்டும்?" கீழே கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே அச்சில் அவர் பேர், பேருக்குப் பின்னால் இரண்டு பட்டம், அதற்குக் கீழே வாங்கின விருதுகள் ஏழு வரி. மண்ணோடு மண்ணாகிவிட்டாய் என்று நம் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை வீராயி சீமாட்டிக்குப் போட்டாள். சீமாட்டி முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது.

மறு பங்குனி வந்தது, நோட்டீசு வந்தது. செவக்காட்டூர் விழா நோட்டீசில் ஒவ்வொருவர் படத்தையும் வட்டத்துக்குள் போட்டு, கீழே வேஷத்தையும் பேரையும் போடுவது வழக்கம். இடது பக்கம் ராஜபார்ட் மீசையோடு இருந்தான். வலது பக்கம், பதினெட்டு வருஷமாக வீராயி மூக்குத்தியோடு சிரித்துக்கொண்டிருந்த அதே வட்டத்துக்குள், ஒரு குவியல் செம்மண் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ஸ்திரீபார்ட், செவக்காட்டூர் மண். அதற்கும் கீழே, விமர்சகர் சுகவனம் அவர்களுக்கு 'மண்ணின் செவி' பட்டம் வழங்கப்படும்.

வீராயி அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் அருளப்பன் வீட்டுக்கு நடந்தாள். அருளப்பன் ஆர்மோனியத்தைப் பிரித்துப்போட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார், ஒரு வருஷமாக அவள் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தவர்.

"தாயி, நோட்டீசு எங்கைல ஒண்ணும் இல்ல. எல்லாம் தலைவரு போட்டது."

அவள் நோட்டீசைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். அவர் கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார்.

"'ஒரு வருசமா ஊரே கேட்டுச்சு. ஒருத்தரும் கேக்கல.' என்ன தாயி இது, கேட்டுச்சுங்குற, கேக்கலங்குற?"

அவள் கோபத்தோடு பென்சிலைப் பிடுங்கி மறுபடி எழுதினாள். அவர் படித்தார், இந்த முறை குரல் இறங்கிவிட்டது. "'பாட்டக் கேட்டாங்க. வாரது யாருன்னு கேக்கல. நீங்க கேளுங்க.'"

அருளப்பன் பிரித்துப் போட்ட கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட ஆரம்பித்தார். "எனக்கு இந்த விழாவை விட்டா வேற மேடை இல்ல. வடமலையான் என்னைய உள்ளயே விட மாட்டாரு," என்றார். அவள் அசையவில்லை. "போன வருசமே அவரு நிறுத்துன்னப்ப நான் நிறுத்தியிருக்கக் கூடாது," என்று அவரே சொன்னார். "வேணும்னா இப்பவே, இந்த வாசல்லயே கேட்டுப் பாக்கவா?"

வீராயி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நோட்டீசில் இடமில்லை, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: சபையில பறிச்சது சபையிலதான் வரணும்.

கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி. சென்னைக்காரர் ராத்திரி ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நாடகத்தையே வெயில் தாழ வைத்துவிட்டார்கள். மேடை நடுவில் இடுப்பளவுக்குச் செம்மண் குவித்து, சுற்றிச் செவ்வந்திப்பூ வட்டம் போட்டிருந்தார்கள். மண்ணை மிதிக்கிற பாக்கியத்தை வடமலையான் வேறு யாருக்கும் விடவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பன்னீரில் காலைக் கழுவி, குவியலில் ஏறினார், காலுக்குக் கீழே வீராயியின் குரல் எழுந்தது, "கரைக்கு வந்தவனே." சபை கைதட்டியது. முன்வரிசையில் சுகவனம் பொன்னாடையோடு கண்ணை மூடிக்கொண்டார், கன்னத்துக்குத் தண்ணீர் வர நேரம் கொடுத்தார்.

வீராயி பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறவில்லை. சபை நடுவே, அந்த நூறு நாள் வேலைச் சட்டையோடு, தலையில் கட்டின துண்டோடு, நேராக நடந்து வந்து மேடையேறினாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். பூ வட்டத்தைத் தாண்டிக் குவியலில் காலை வைத்தாள்.

"ஏம்மா, ஏய், எறங்கு, எறங்கும்மா," என்று வடமலையான் பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், சபை பார்க்கிறதே. "அருளப்பா, நீ வாசி, நிறுத்தாதே."

அருளப்பன் நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு வேறு கட்டைகளில் விரலை வைத்தார், பதினெட்டு வருஷம் வாசித்த கட்டைகள். அவர் குரல் சபை முழுக்கக் கேட்டது.

"வாரது யாரு? சபைக்கு வாரது யாரு?"

மண் பாதிச் சொல்லில் நின்றது. மேடை மண் மட்டுமல்ல, நாற்காலிகளுக்குக் கீழே, பிள்ளைகளின் கால்களுக்குக் கீழே, வடக்குத் தெரு வாசலில், சிமெண்டுக்குப் பின்னால் சுவரில், தங்கையாவின் குழிமேட்டில், ஊரில் பாடிக்கொண்டிருந்த மண் அத்தனையும் நின்றது. ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் செவக்காட்டூர் அமைதியாக இருந்தது. பிறகு எல்லாருக்கும் தெரிந்த அந்தச் செருமல் வந்தது.

"செவக்காட்டூரு கம்மாக்கரை,
கொத்தன் சுப்பன் பெத்த மக,
மாரி வயித்துல பொறந்தவ,
வீராயி வந்தேன், நான் வீராயி வந்தேன்."

மேடை பாடியது, தெரு பாடியது, சுவர் பாடியது, வடமலையானின் பன்னீர்க் காலுக்குக் கீழேயும் அதுவே பாடியது. வீராயி வந்தேன், வீராயி வந்தேன் என்று மண் திரும்பத் திரும்பப் பாட, வீராயியின் உதடும் கூடவே அசைந்தது, முதல் தடவை உதடு மட்டும், இரண்டாவது தடவை கொஞ்சம் காற்று, மூன்றாவது தடவை பாடியது மண்ணா அவளா என்று சொல்ல முடியவில்லை, நான்காவது தடவை கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. மேலேயிருந்துதான் வந்தது. கரகரப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறி, மைக் இல்லாமலே கடைசி வரிசையைத் தொட்டது.

முன்வரிசையில் சுகவனம் துள்ளி எழுந்தார். ஒரு கையில் பேனா, மறு கையில் நோட்டு, கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "அடடா, அடடா! மண் தனக்குத்தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டதே!" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"யோவ்!" என்றாள் வீராயி.

பேனா நின்றது.

"அது மண்ணு வச்ச பேரில்லய்யா. எங்காத்தா வச்ச பேரு. ஒன்னால ஒரு வருசம் என் ஆட்டக்கூடக் கூப்புட முடியாம ஊமையாத் திரிஞ்சேன். தலையில மண்ணச் சொமந்தேன், அது எங்கொரல்ல பாடுச்சு. பேரு சிறுசா? சிறுசுன்னா ஒம் பேருக்குக் கீழ எதுக்குய்யா ஏழு வரி?" சபையைப் பார்த்துத் திரும்பினாள். "ஒங்களுக்கெல்லாம் என்ன கேடு? ஒங்க ஒவ்வொருத்தர் பேரையும் ராகம் போட்டுப் பாடுனவதானே நான்? அந்தப் பேப்பர்ல எம் பேரு இல்லைன்னு ஒரு ஆளு சொல்லலையே. ஒரு ஆளு!"

டீக்கடை பேச்சிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். சுகவனம் நோட்டைத் திருப்பி ஒரு புதுப் பக்கத்தை எடுத்தார். "அம்மா, மன்னிக்கணும்," என்றார். "உங்க பேரு, முழுசா ஒரு தடவை…"

"இம்புட்டு நேரம் கேட்டுச்சுல்ல? அத எழுது. மண்ணு கிண்ணுன்னு ஒண்ணும் சேக்காத. நீ எழுதுனா பலிச்சுப் போகுது."

வடமலையான் அப்போதுதான் காலடியைக் கவனித்தார். காலை மாற்றி வைத்தார், மண் சும்மா இருந்தது. ஒரு மிதி மிதித்தார். குதித்தார். பட்டு வேட்டியெல்லாம் செம்மண்ணாகக் குவியலைச் சுற்றிச் சுற்றி மிதித்தார், சரக் சரக் என்று காலடிச் சத்தம்தான் வந்தது. சபைக்குள்ளும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி, ஒருவரையொருவர் பார்க்காமல், தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எம்.எல்.ஏ.வின் ஆள் என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான். ஐந்து ஊர்ச் சனம் உட்கார்ந்திருந்தது, ராஜபார்ட் மாறுவேஷம் கட்டித் திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தான், கரையில் அவனை மடக்க ஆளில்லை.

வடமலையான் குவியலிலிருந்து இறங்கி வந்தார். வியர்த்து வழிந்தது. "தாயி," என்றார். இதுவரைக்கும் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "தாயி வீராயி, நடந்தது நடந்துபோச்சு. சபை காத்துக்கிட்டிருக்கு. இந்தச் சட்டையோடயே நில்லு, பரவால்ல. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு பாடு தாயி, ஊரு மானம் போகுது."

வீராயி அவரைப் பார்த்தாள், மேடைக்கு மேலே கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள், அதில் ஆள் உயர வட்டத்துக்குள் அந்த மண் குவியலின் படம் இருந்தது.

"மண்ணு இருக்குல்ல மொதலாளி," என்றாள். "அதப் பாடச் சொல்லுங்க."

செருப்பை எடுத்தாள், காலில் மாட்டவில்லை, கையில் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே சபை நடுவே இறங்கி நடந்தாள், வழி தானாக விலகியது. பின்னால் அருளப்பன் ஆர்மோனியத்தை மூடிப் பூட்டுகிற சத்தம் கேட்டது. கடைத்தெரு தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, கம்மாய்க்கரைத் தெரு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள், காலுக்குக் கீழே மண் மண்ணாகவே கிடந்தது. வீட்டு வாசலில் சீமாட்டி வழக்கம்போலத் தரையில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தது.

"ஏ சீமாட்டி!" என்று கூப்பிட்டாள்.

ஆடு தலையைத் தூக்கிக் கத்திக்கொண்டே ஓடி வந்தது.